78 வயசு அப்பாவும் 212 பிளேட்டுகளும்!

என் அப்பாவுக்கு வயசு 78. அவர் பொக்கிஷமாக வைத்திருக்கும் அரக்கு பிளேட்டுகள் நிமிஷத்துக்குச் சுற்றுவதும் 78. இரண்டுமே லேசாகக் கரகரக்கும். இரண்டையுமே அவசரப்படுத்த முடியாது. இரண்டையும் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டில் எனக்கு இடப்பட்டிருக்கும் உத்தரவு.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருந்தவர். 'சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு இருக்கும். ஊரில் 'ரேடியோக்காரர்' என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், பதினாறாம் நாள் காரியம்... எது நடந்தாலும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் அப்பா வாயைத் திறப்பார். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..." அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசி அதுதான்.

பத்து அடி தூரத்தில் குழாய் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? இடது காது மொத்தமாக அவுட். வலது காதில் ஒரு மிஷின். அதற்கும் அடிக்கடி பாட்டரி தீர்ந்துவிடும். தீர்ந்ததா, இல்லை வேண்டுமென்றே கழற்றி வைத்தாரா என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

2019-ல் அம்மா போன பிறகு அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். கூடவே இரண்டு டிரங்குப் பெட்டிகளும் வந்தன. "துணிமணியாப்பா?" என்று தூக்கிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே 212 பிளேட்டுகள்.

எங்கள் வீடு ஒரு படுக்கையறை, ஒரு ஹால். அந்த ஹாலில் டிரங்குப் பெட்டிகள் நுழைந்ததிலிருந்து சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே நாங்கள் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். நாலு வருஷம் பொறுத்தாள் என் மனைவி. ஐந்தாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபியை 'ணங்' என்று வைத்தாள்.

"ஏங்க, எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திடலாமாமே? உங்க ஆபீஸ்ல ஒருத்தர் பண்ணினார்னு சொன்னீங்களே?"

சொன்னது என் தப்பு.

பென் டிரைவ் கணக்கு

குமாஸ்தா மூளை, முதலில் பேப்பரில் கணக்குப் போட்டேன். 78 சுழற்சி அரக்கு பிளேட்டு 80. பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் ஓடும். 45 சுழற்சி ஈ.பி. 100. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. 33⅓ சுழற்சி எல்.பி. 32. ஒவ்வொன்றும் சுமார் 40 நிமிஷம். கூட்டினால் ஏறக்குறைய 50 மணி நேரம்.

கம்ப்யூட்டர் செய்வது ஜவுளிக்கடை வேலை. பிளேட்டின் பள்ளத்தில் ஊசி ஆடுகிற ஆட்டம் மின்சாரமாக மாறி வருகிறதல்லவா, அதை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து குறித்துக்கொள்கிறது. சி.டி.க்கு வைத்த அளவு இதுதான். இந்தக் கணக்கில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆக, அப்பாவின் முப்பது வருஷத் தொழில் மொத்தமும் 31 ஜி.பி. சொச்சம். கட்டைவிரல் நீளமுள்ள 64 ஜி.பி. பென் டிரைவில் பாதி இடம் மிச்சம்! இரண்டு டிரங்குப் பெட்டியையும் சுண்டு விரலால் தூக்கிவிடலாம் என்று தோன்றியபோது, இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்தது.

"50 மணி நேரம்தானே? ஸ்பீடா ஓட்ட முடியாதா?" என்றான் என் ஆபீஸ் நண்பன். முடியாது சார். சினிமாவை இரண்டு மடங்கு வேகத்தில் காப்பி எடுக்கலாம். பிளேட்டை அது பாடுகிற வேகத்தில்தான் பாடவிட வேண்டும். மூன்று நிமிஷப் பாட்டுக்கு மூன்று நிமிஷம் காத்திருந்தே ஆகவேண்டும். அப்புறம் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். தோசை மாதிரி.

கொசுவும் பாகவதரும்

அப்பாவின் பழைய பெட்டி பிளேயர் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். ஒயரை நேராக லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகி, முள்ளை வைத்தேன். டி.எம்.எஸ். குரல் கொசு மாதிரி வந்தது! எத்தனை கம்பீரமான குரல், இப்படி ஈனஸ்வரத்தில் ரீங்காரம் போடுகிறதே...

அப்பா காதிலிருந்த மிஷினைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, பேஸ் எங்கடா?" என்றார்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கனமான, அடித்தொண்டை ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகிவிடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் அடைக்க முடியாது. அதனால் பிளேட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிவிடுவார்கள். திரும்பக் கேட்கும்போது அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். 1954-ல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகள் இதற்கென்று ஒரு பொதுக் கணக்கை ஒப்புக்கொண்டன. அந்த வேலையைச் செய்யும் குட்டிப் பெட்டிக்கு 'ஃபோனோ ப்ரீ-ஆம்ப்' என்று பெயர். அது இல்லாமல் சொருகினால் கொசுதான். சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும், என்னுடையதில் இல்லை. வாங்கினேன். டி.எம்.எஸ். மறுபடி மனிதரானார்.

அடுத்த தலைவலி, 78. நான் வாங்கின டர்ன்டேபிளில் 33-ம் 45-ம்தான். தியாகராஜ பாகவதரை 45-ல் சுற்றவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸில் ஃபைல் பார்க்கிற மாதிரி இழுக்கிறார். கவலை வேண்டாம், அப்படியே பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வேகத்தை 1.733 மடங்கு கூட்டினால் சரியாகிவிடும். 78-ஐ 45-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான். ஆனால் ஊசியை மாற்றியே ஆகவேண்டும். அரக்கு பிளேட்டின் பள்ளம் அகலம், எல்.பி. ஊசியைப்போல மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் குப்பையில் உரசிக்கொண்டே போகும். பாகவதருக்குப் பதில் மழைதான் கேட்கும்.

இந்த 'அரக்கு' என்பது நம் ஊர்ச் சரக்கு என்பதில் அப்பாவுக்கு ஏகப்பெருமை. கப்பலேறிப் போன இந்திய அரக்கில்தான் சீமை பிளேட்டுகளே தயாராயின. 1902-ல் கெய்ஸ்பர்க் என்ற வெள்ளைக்காரர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். 1908-ல் கல்கத்தாவிலேயே பிளேட்டு ஃபாக்டரி வந்துவிட்டது. 1948-ல் அமெரிக்காவில் வினைல் எல்.பி. வந்த பிறகும், நம் ஊர் மைக் செட்டுகளில் அரக்கு பிளேட்டு ரொம்ப நாள் ஓடியது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பது ஒன்றுதான் குறை.

"மூர் மார்க்கெட்ல பொறுக்கினதுடா இதெல்லாம்" என்பார் அப்பா, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கண்ணால் பாட்டுக் கேட்பவர்

காது போனாலும் அப்பாவிடம் ஒரு வித்தை மிச்சமிருந்தது. பிளேட்டை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, "இங்க பல்லவி... இங்க மியூசிக் ஓங்கி அடிக்கும்... இங்க ஆள் தனியாப் பாடுது..." என்பார். முள்ளை அங்கே வைத்தால் அச்சாக அப்படியே இருக்கும்!

மாயம் இல்லை. சத்தம் ஓங்கும் இடத்தில் பள்ளம் அதிகமாக நெளியும். வெளிச்சம் வேறு மாதிரி பட்டுத் தெறிக்கும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆர்தர் லின்ட்ஜென் என்ற டாக்டர், லேபிளை மறைத்துக் கொடுத்தாலும் எல்.பி.யின் வரிகளைப் பார்த்தே அது எந்தச் சிம்பொனி என்று சொல்லி 1980-களில் பிரபலமானார். அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அப்பாவுக்கு நான் மட்டும்தான். இருட்டில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஐயர் கைகாட்டுவதற்குள் சரியான பாட்டில் முள்ளை இறக்கிப் பழகிய கண் அது.

நான் செய்த புத்திசாலித்தனம்

முதலில் 40 ஈ.பி.க்களை ஏற்றினேன். ஒரு மாசம் ஆனது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு விஷயம்: பதிவு ஓடும்போது நான் பாதி நேரம் அதைக் கேட்கவில்லை. மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் எழுந்து போய்த் திருப்பிப் போடுவேன்.

ஏற்றிய பாட்டுகளில் கரகரப்பு, 'டிக் டிக்'. ஆடாசிட்டி என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் கீறல் சத்தத்தை எடுக்க ஒரு வசதி, இரைச்சலைக் குறைக்க ஒரு வசதி. ஒவ்வொன்றாகப் பார்க்க யாருக்குப் பொறுமை? 40 பதிவுகளையும் வரிசையில் நிற்கவைத்து, மொத்தமாக மொட்டையடித்தேன். இடம் அடைக்கிறதே என்று, பழைய பதிவின் மேலேயே புதியதைச் சேமித்தேன்.

கேட்டுப் பார்த்தால் பாட்டு பளிச்! புது எவர்சில்வர் மாதிரி.

அந்த உற்சாகத்தில், பழைய ரெக்கார்டு வாங்குகிற ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். "ஏத்தினதை மட்டும் குடுத்துடலாம்ப்பா. இடம் அடையுது."

"உன் இஷ்டம் தம்பி" என்றார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'உன் இஷ்டம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிட்டேன். பிளேட்டுக்கு 50 ரூபாய். மொத்தம் 2,000. ஹாலில் நேராக நடந்து பார்த்தோம். சுகமாகத்தான் இருந்தது.

வேலியைக் காணோம்!

அடுத்த சனிக்கிழமை ஓர் எல்.பி. ஏற்றிக்கொண்டிருந்தேன். பாட்டு கம்ப்யூட்டர் திரையில் நீலநிறக் கோலமாக ஓடுமல்லவா, அப்பா அதையே உற்றுப் பார்த்தார்.

"இது என்னடா, நடுநடுவுல வேலிக்கால் நட்ட மாதிரி?"

பார்த்தேன். கோலத்தின் நடுவே ஒரே சீரான இடைவெளியில் ஊசி ஊசியாகக் கோடுகள். "கீறல்ப்பா. பிளேட்டு ஒரு சுத்து சுத்தும்போதெல்லாம் முள்ளு அதுல இடிக்குது. எல்.பி. ஒரு சுத்துக்கு 1.8 விநாடி. அதான் 1.8 விநாடிக்கு ஒரு கோடு."

அப்பா முகம் மலர்ந்தது. காது போன பிறகு முதல் தடவையாக, பிளேட்டின் கீறல் அவருக்கு 'கேட்டிருக்கிறது'!

"அப்ப நம்ம கல்யாண பிளேட்டைக் காட்டு. அதுல பெரிய வேலியால்ல இருக்கணும்?"

"கல்யாண பிளேட்டா?"

பாட்டைச் சொன்னார். டி.எம்.எஸ்.-சுசீலா டூயட். எந்தப் படம் என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பித்து, கட்டுரையைப் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

தேடித் திறந்தேன். நீலக்கோலம் வழவழவென்று, சவரம் செய்த தாடை மாதிரி இருந்தது.

அப்பா திரைக்கு அருகில் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார்.

"வேலியைக் காணோமே, தம்பி?"

"நான்தாம்ப்பா... சுத்தம் பண்ணிட்டேன்."

"சரி, சுத்தம் பண்ணாததைக் காட்டு."

அதன் மேலேயேதான் சேமித்திருந்தேனே!

"சரி, பிளேட்டையே போடு."

அதுவும் கடையில். எச்சில் விழுங்கினேன். என் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகப் போய் ஈஸிசேரில் உட்கார்ந்து, மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

'டேய், பிளேட்டை நிறுத்துடா!'

ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

1972. அப்பாவின் கல்யாணம். மாப்பிள்ளையே மைக் செட்காரர் என்பதால் செட்டு சொந்த செட்டு. உதவிக்கு இருந்த பையனைப் பிளேட்டு போட உட்காரவைத்துவிட்டு, அரைமனசோடு மணையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். நாதஸ்வரக்காரர்கள் ஊதத் தயார். ஆனால் ஸ்பீக்கரில் டூயட் நிற்கவில்லை! பையன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாப்பிள்ளைக்குத் தொழில் கௌரவம் பொறுக்கவில்லை. கையில் தாலியோடு மணையிலிருந்து கத்தினார்:

"டேய், பிளேட்டை நிறுத்துடா!"

பையன் பதறிப்போய் முள்ளைப் பிடித்து இழுத்தான். கர்ர்ரக்! பாதிப் பாட்டிலிருந்து லேபிள் வரைக்கும் ஒரே கீறல். சபை கொல்லென்று சிரித்தது. கெட்டிமேளம் கொட்டியது.

"உங்கம்மா என் வாயிலேர்ந்து கேட்ட முதல் வார்த்தையே அதுதான்" என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பொண்ணு பார்க்கப் போனப்போகூட."

அப்புறம் வீட்டில் அந்தப் பிளேட்டைப் போட்டால், பாதிப் பாட்டு தாண்டியதும் 'டொக்... டொக்...' என்று விழ ஆரம்பிக்கும். 45 சுழற்சி, ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு 'டொக்'. அம்மா சிரித்துக்கொண்டே கூடப் பாடுவாளாம்.

எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது.

அம்மா சமையல்கட்டில் அந்தப் பாட்டைப் பாடுவாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதிப் பாட்டு வந்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்... டொக்...' என்று சேர்த்துக்கொள்வாள். தாளம் போடுகிறாள் என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். கேசட் வந்ததும், எனக்கு ஒன்பது வயசிலேயே, டிரங்குப் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். பிளேட்டை நான் கேட்டு ஞாபகமில்லை. அம்மா பாடிக் கேட்டதுதான் ஞாபகம்.

அவள் பாடியது கீறலை. நான் அழித்ததும் அதைத்தான்.

150 ரூபாய் பாடம்

திங்கட்கிழமை ஆபீஸில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப அலுவல்' என்று எழுதினேன். பொய்யில்லை.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் திரும்பி வர்றாங்க சார்." பிளேட்டுக்கு 150 சொன்னார். விற்றது 50! அவரைக் குறை சொல்ல முடியாது. உலகமே திரும்பிக்கொண்டிருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் சி.டி.க்களைவிட வினைல் பிளேட்டுகள் அதிகம் விற்றன; 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறேன்.

34 பிளேட்டுகள் இருந்தன. ஆறு விற்றுப்போயிருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபத்து மூன்றாவது உறையில் அந்த டூயட். வெளியே எடுத்து, அப்பா மாதிரியே டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தேன். பாதியிலிருந்து லேபிள் வரைக்கும், வகிடு எடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

பேரம் பேசி 34-ஐயும் 4,500-க்கு மீட்டுக்கொண்டு வந்தேன். நஷ்டக் கணக்கைப் பற்றி என் மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. போன அந்த ஆறு பிளேட்டுகளுக்கு மட்டும் என்னிடம் இருப்பது மொட்டையடித்த பதிவுதான். அவற்றில் என்னென்ன கீறல் இருந்தது, எந்த வீட்டு விசேஷத்தில் விழுந்தது என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். சத்தம் போனது போனதுதான்.

பரண்மேல் பிளேட்டு உள்ளவர்கள் கவனத்துக்கு...

* முதலில் பதிவாகும் சத்தத்தை, கரகரப்போடு, அப்படியே ஒரு பிரதி வையுங்கள். அதன்மேல் கைவைக்கவே கூடாது. சுத்தம் செய்வதெல்லாம் இன்னொரு பிரதியில். (அடிபட்டவன் சொல்கிறேன்!)

* பதிவு செய்யும்போது மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் சத்தத்தின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக ஒட்டவைக்க முடியாது.

* மூலப் பிரதியை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் வையுங்கள். ஃப்ளாக் என்பது வேட்டியை மடித்து வைப்பது. பிரித்தால் முழு வேட்டி. எம்.பி.3 என்பது பெட்டியில் இடமில்லை என்று வேட்டியைக் கிழித்து வைப்பது. மொபைலில் கேட்க அது போதும்.

* வினைல் பிளேட்டுக்கு டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மெத்தென்ற துணி. பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை ஒத்தியெடுங்கள். லேபிள் நனையக் கூடாது. அரக்கு பிளேட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள், அரக்கை எதில் கரைக்கிறார் என்று!

* பிளேட்டுகளைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும். வெயிலும் ஆகாது.

* ஒரே பென் டிரைவை நம்பாதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி. ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

* உங்கள் பிளேட்டை உங்கள் உபயோகத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஊருக்கு விற்கக் கிளம்பாதீர்கள். பாட்டுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

* கடைசியாக ஒன்று. பிளேட்டுக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏற்றுங்கள். பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும். கீறலின் கதை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

'யாரு தாத்தா டொக் டொக்?'

இப்போது தினம் ராத்திரி ஒரு மணி நேரம் எங்கள் ஹாலில் கச்சேரி. கிரிக்கெட் கிடையாது. அப்பா பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துச் சொல்வார். நான் ஒரு நோட்டில் எழுதுவேன். 'எல்.பி. 14: பிரசிடெண்ட் வீட்டு வளைகாப்பு. மழையில் நனைந்தது.' 'ஈ.பி. 61: தேர்தல் நேரம். ஒரே நாளில் முப்பது தடவை ஓடித் தேய்ந்தது.' 'அரக்கு 9: ஓரம் உடைந்தது உன்னால். உனக்கு அப்போ இரண்டு வயசு.' குற்றப்பத்திரிகையும் உண்டு.

கல்யாண பிளேட்டை எடுத்து வந்த அன்று ராத்திரியே மறுபடி ஏற்றினேன். ஒரு தூசியைக்கூடத் துடைக்கவில்லை. பாதிப் பாட்டு தாண்டியது. 'டொக்'. திரையில் முதல் வேலிக்கால் முளைத்தது. 'டொக்'. இன்னொன்று.

அப்பாவுக்கு டி.எம்.எஸ். எவ்வளவு கேட்டது, சுசீலா எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்திருந்தார். மறு கையின் ஆள்காட்டி விரல் ஈஸிசேர் கட்டையைத் தட்டிக்கொண்டே வந்தது. திரையைப் பார்க்கவில்லை. ஒரு 'டொக்' கூடத் தவறவில்லை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண், ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"தாத்தா, பாட்டுக்கு நடுவுல யாரு டொக் டொக்னு தட்றது?"

எப்படித்தான் காதில் விழுந்ததோ, தட்டுவதை நிறுத்தாமலே அப்பா சொன்னார்:

"உங்க பாட்டி."